எழுநூறு குதிரையும் ஜூனியும்

காலை ஒன்பது மணிக்கு நான் லாயத்துக்குள் போனபோது ஜூனி தரையில் புரண்டுகொண்டிருந்தாள். உடம்பெல்லாம் வியர்வை. வைக்கோல் முதுகிலும் வயிற்றிலும் அப்பிக்கிடந்தது. தலையைத் திருப்பித் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தாள். பிப்ரவரிக் குளிரில் ஒரு குதிரைக்கு இப்படி வியர்க்கிறதென்றால் அதற்கு ஒரே காரணம்தான் உண்டு. வயிற்றுவலி. நமக்கு வருகிற வயிற்றுவலி மாதிரி மாத்திரை போட்டுப் படுத்தால் போகிற சமாசாரம் இல்லை இது. குதிரையால் வாந்திகூட எடுக்க முடியாது. குடல் அடைத்தாலோ முறுக்கிக்கொண்டாலோ பொழுது சாய்வதற்குள் கதை முடிந்துவிடும்.

கன்று ஈனும் மாதம் என்பதால் எங்கள் பக்கத்து மாட்டு டாக்டர் ஹோல்ம் இரண்டு நாளாகத் தூங்கவே இல்லை. இருந்தாலும் வந்தார். மூக்கு வழியாகக் குழாயை விட்டார், வலிக்கு ஊசி போட்டார், வயிற்றில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். அவர் முகம் போன போக்கே எனக்குப் பிடிக்கவில்லை.

"இடது பக்கம் சத்தமே இல்ல, வெர்லீன். முறுக்கிக்கிட்டிருக்கலாம். நார்த் பிளாட் ஆஸ்பத்திரியில வயித்தைத் திறந்து சரி பண்ணுவாங்க. நான் போன் பண்ணிச் சொல்லிடறேன். ரெண்டு மணிக்குள்ள மேசையில ஏத்தணும்."

"அதுக்கு மேல ஆச்சுன்னா?"

"ஆக விடாத," என்று சொல்லிவிட்டு அடுத்த பண்ணைக்கு ஓடினார்.

அப்போது மணி பத்தே முக்கால். நார்த் பிளாட் நூற்றெட்டு மைல்.

ஜூனி எனக்கு யார் என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், நீட்டினால் அழுதுவிடுவேன். ஏழு வருடத்துக்கு முன் வந்த பனிப்புயலில், எதிரே என் கையே எனக்குத் தெரியாத வெள்ளையில், கடிவாளத்தை விட்டுவிட்டுக் கழுத்தைக் கட்டிக்கொண்டு கிடந்த என்னை மூன்று மைல் சுமந்து வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியவள். அன்று முதல் நான் தின்கிற ஒவ்வொரு வேளைச் சோறும் அவள் கொடுத்தது என்றுதான் நினைத்துக்கொள்வேன். அவ்வளவுதான்.

இந்த நேரத்தில் எங்கள் வாசலில் நடந்த கூத்தைக் கேளுங்கள்.

குதிரை ஏற்றுகிற டிரெய்லரைப் பூட்ட இரண்டு வண்டிகள் ஒரே சமயத்தில் பின்னோக்கி வந்தன. ஒன்று என் புருஷன் டெல்மருடையது. எங்களிடம் இருந்த பழைய டீசல் வண்டியைப் போன இலையுதிர் காலத்தில் விற்றுவிட்டு, பெட்ரோல் பிக்கப் ஒன்றை வாங்கி, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற கருவி ஒன்றையும் அதன் தலையில் ஏற்றி வைத்திருந்தான். எழுநூறு குதிரைசக்தி. அவன் ஸ்டார்ட் செய்தால் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிடும். இன்னொன்று என் தம்பி ஆரினுடைய மின்சார வண்டி. அது வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. டெல்மர் அதை டோஸ்டர் என்பான். ஆரின் இவன் வண்டியைக் குடிகாரன் என்பான். இரண்டு வருடமாக ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு இந்தப் பேச்சில்லாமல் முடிந்ததில்லை. தேவாலயத்து வாசலில் பேசுவார்கள், வேலி கட்டும்போது பேசுவார்கள், என் மாமியாரின் சவ அடக்கத்திலும் பேசினார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு என் காது மரத்துப்போயிருந்தது.

"தள்ளு உன் டோஸ்டரை," என்றான் டெல்மர், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி. "எவ்வளவு சார்ஜ் இருக்கு?"

"எழுபத்தாறு பர்சென்ட்," என்றான் ஆரின்.

"எழுபத்தாறா! எதிர்க்காத்து முப்பது மைல் வேகத்துல அடிக்குது, பின்னால டிரெய்லர், அதுக்குள்ள குதிரை. ஸ்டேப்பிள்டன் தாண்டுறதுக்குள்ள படுத்துக்கும். அப்புறம் என்ன பண்ணுவ? நடுரோட்டுல எந்த மாட்டுக்கிட்ட பிளக்கு கேப்ப?"

"மெதுவா போனா போயிடும், டெல்."

"மெதுவாவா? குதிரை சாகக் கிடக்குது, இவரு மெதுவா போவாராம்! என்னுது ஒண்ணரை மணி நேரத்துல கொண்டுபோய் நிறுத்தும்."

"உன்னுது பெட்ரோல் போட மூணு எடத்துல நிக்கும்."

"வாய்க்கொழுப்பைப் பாரேன்!"

நான் லாய வாசலில் ஜூனியின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் மறுபடி படுக்கப் பார்த்தாள். முழங்கால் மடங்குகிறது, நான் கயிற்றை இழுத்துத் தூக்குகிறேன், மறுபடி மடங்குகிறது. இவர்களோ எந்த வண்டி பெரிது என்று வாதம் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"டெல் வண்டிதான்," என்று கத்தினேன். "ஆரின், உன்னுதை நகர்த்து."

முடிவு என்னுடையது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வேகமாகப் போகிற வண்டி எதுவோ அதில் போக வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். யாராக இருந்தாலும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

ஜூனியை ஏற்றிக் கதவைச் சாத்தினேன். பிறகு டிரெய்லரைப் பூட்டியதும் நான்தான். வண்டியின் பின்னால் ஒரு இரும்புக் குண்டு நீட்டிக்கொண்டிருக்கும். டிரெய்லரின் மூக்கில் ஒரு கிண்ணம் இருக்கும். கிண்ணத்தைக் குண்டின் மேல் இறக்கி, தாழ்ப்பாளைத் தள்ளி, இரண்டு சங்கிலியையும் குறுக்கே மாட்டினால் வேலை முடிந்தது. ஆறு வயதிலிருந்து செய்கிறேன். பூட்டிய பிறகு டிரெய்லரின் ஜாக்கியைச் சுற்றி ஒரு தடவை தூக்கிப் பார்க்க வேண்டும். வண்டியின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் ஊரில் இதைச் செய்யாமல் யாரும் கிளம்பமாட்டார்கள். அன்றைக்கு நான் செய்யவில்லை. உள்ளே ஜூனி சுவரை உதைத்துக்கொண்டிருந்தாள்.

ஆரின் தன் வண்டியை நகர்த்திவிட்டு என்னிடம் ஓடிவந்தான். அவன் எப்போதுமே இழுத்து இழுத்துப் பேசுகிறவன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்பு.

"வெர்ல், ஒரு நிமிஷம்... டெல்லோட அந்தக் குண்டு..."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. மறுபடி ஆரம்பித்துவிட்டானே!

"உன் குண்டும் வேணாம், அவன் குதிரைசக்தியும் வேணாம்! ரெண்டு பேரும் வாயை மூடுங்க! இன்னொரு வார்த்தை வண்டியைப் பத்திப் பேசின, செருப்பு பிஞ்சிடும்!"

அவன் வாயை மூடிக்கொண்டான். நான் ஏறினேன். டெல்மர் கிளப்பினான்.

எங்கள் பண்ணையிலிருந்து நெடுஞ்சாலைக்குப் பதினேழு மைல், மேடும் பள்ளமுமாய்ப் புல்வெளிக்கு நடுவே ஒற்றைச் சாலை. டெல்மர் நன்றாகத்தான் ஓட்டினான். குற்றம் சொல்லக்கூடாது. வளைவில் நிதானித்தான், மேட்டில் எஞ்சின் உறுமியது, டிரெய்லர் இருப்பதே தெரியாமல் இழுத்தது. அந்த நிமிடம் எனக்கு அந்த வண்டியின் மேல் ஆசைகூட வந்தது. இழுடா, இழு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

நான்காவது மைலில் பக்கக் கண்ணாடியில் ஆரினின் வண்டி தெரிந்தது. விளக்கை அணைத்து அணைத்துப் போட்டான். ஹார்ன் அடித்தான்.

"பாரு உன் தம்பியை," என்று டெல்மர் சிரித்தான். "டோஸ்டர் ரேஸுக்கு வருது."

என் போன் அடித்தது. ஆரின். நான் வெட்டிவிட்டேன். மறுபடி அடித்தது. மறுபடி வெட்டி, போனைக் கவிழ்த்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். நிறுத்துங்கள், சார்ஜ் தாங்கும், நான் இழுக்கிறேன் என்றுதான் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். தோற்றதைத் தாங்கமாட்டாமல் பின்னாலேயே வருகிறான் என்று நினைத்தேன். என் கூடப் பிறந்தவனைப் பற்றி அப்படி நினைத்தேன்.

பிறகு அவன் எதிர்ப்பக்கச் சாலையில் ஏறி எங்களுக்கு இணையாக வந்தான். ஜன்னல் இறங்கியிருந்தது. காற்றில் அவன் தொப்பி பறந்துபோனது. வாய் திறந்து மூடுகிறது, எதுவும் கேட்கவில்லை. எங்கள் எஞ்சின் சத்தத்தில் எது கேட்கும்? ஸ்டியரிங்கை முழங்காலால் பிடித்துக்கொண்டு, ஒரு கையை முஷ்டியாக்கி இன்னொரு உள்ளங்கையில் வைத்து வைத்து எடுத்தான்.

"மூஞ்சில குத்துவேங்கிறான்," என்றான் டெல்மர். "வாடா பாக்கலாம்." கொஞ்சம் அழுத்தினான். கொஞ்சம்தான். எழுநூறு குதிரைக்குக் கொஞ்சம் போதும்.

எதிரே ஒரு வைக்கோல் லாரி வந்தது. ஆரின் பின்வாங்கினான். கடைசி மேட்டைத் தாண்டினால், நெடுஞ்சாலையை ஒட்டி, நிலக்கரி ரயில் போகிற தண்டவாளம். டெல்மர் வேகத்தைக் குறைத்தான், ஆனால் போதுமான அளவுக்குக் குறைக்கவில்லை. வண்டி தண்டவாளத்தில் ஒருமுறை குதித்து இறங்கியது.

பின்னால் டணார் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு இரும்பு தாரில் உராய்ந்துகொண்டே வருகிற சத்தம். கண்ணாடியில் டிரெய்லரின் மூக்கு தரையில் கிடந்தது, நெருப்புப் பொறி பறந்தது. சங்கிலி மட்டும்தான் பிடித்திருந்தது. டெல்மர் பிரேக்கை மிதிக்கவில்லை. மிதித்திருந்தால் டிரெய்லர் எங்கள் முதுகில் ஏறியிருக்கும். மெதுவாக, மூச்சுகூட விடாமல், சாலையோரப் புல்லில் இறக்கி நிறுத்தினான்.

கொஞ்ச நேரம் டிரெய்லருக்குள் சத்தமே இல்லை. அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு ஒரு உதை. நான் ஓடிக் கதவைத் திறந்தேன். ஜூனி முன்பக்கமாகச் சரிந்து, மார்புக் கம்பிக்கு அடியில் முன்னங்கால்கள் சிக்கிக் கிடந்தாள். உதட்டில் ரத்தம். என்னைப் பார்த்ததும் ஒரு மூச்சு விட்டாள். கம்பியைக் கழற்றினோம். இரண்டு முறை முயன்று மூன்றாம் முறை எழுந்து நின்றாள். நின்றுவிட்டாள்! எனக்கு அது போதுமாக இருந்தது. இடது முன்காலைக் கொஞ்சம் லேசாக வைத்திருந்தாள். தடவிப் பார்த்தேன். வீக்கம் இருந்தது, வேறு எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை.

ஆரின் டெல்மரின் வண்டிக்குப் பின்னால் குந்தியிருந்தான். அந்தப் பளபளக்கும் குண்டின் மேல் கையை வைத்திருந்தான்.

"ரெண்டு அங்குலம்," என்றான். "இது படகு இழுக்கிற குண்டு. குதிரை டிரெய்லருக்கு இதைவிடப் பெரிசு வேணும். உங்க பெரிய குண்டு அந்த டீசல் வண்டியோடவே போயிடுச்சு. அதுக்கப்புறம் இந்த டிரெய்லரை என் வண்டிதான் இழுத்திருக்கு."

டெல்மரின் முகத்தில் ரத்தமே இல்லை. "தாழ்ப்பாள் மூடுச்சே," என்றான்.

"மூடும். சின்னக் குண்டுலயும் மூடும். தெரியாது. குதிச்சாத்தான் தெரியும்."

பேச நேரம் இல்லை. மணி பதினொன்றரை.

டெல்மரின் கருவிப் பெட்டியிலிருந்த ஜாக்கியை வைத்து மூக்கைத் தூக்கி ஆரினின் வண்டியில் பூட்டினோம். இந்த முறை நான் தூக்கிப் பார்த்தேன். மூன்று தடவை தூக்கிப் பார்த்தேன். ஆரினின் வண்டித் திரையில் சார்ஜ் அறுபத்தெட்டு என்று இருந்தது. எங்களைத் துரத்தி வந்ததில் எட்டு போயிருந்தது. இன்னும் தொண்ணூற்றொரு மைல்.

"போகுமா?" என்று கேட்டேன்.

"சாதாரணமா ஓட்டினா எழுபத்தஞ்சு மைல் போகும்," என்றான். என் தம்பி பொய் சொல்லத் தெரியாதவன். "நாப்பத்தஞ்சுல போவோம். ஹீட்டரை அணைக்கிறேன்." பிறகு முதல்முறையாக டெல்மரைப் பார்த்து அதட்டினான். "டெல், நீ எனக்கு முன்னால போ. ஒட்டினாப்ல போ. உன் வண்டி அகலமா இருக்கு. காத்தை நீ வாங்கிக்கோ."

டெல்மர் ஓடிப்போய் வண்டியில் ஏறினான். அந்த எழுநூறு குதிரையும் எங்களுக்கு முன்னால் நாற்பத்தைந்து மைல் வேகத்தில், காற்றுக்குத் தட்டி மாதிரி ஊர்ந்தது.

அந்தப் பயணத்தை நான் என்னவென்று சொல்வது! ஹீட்டர் இல்லாமல் கண்ணாடியில் எங்கள் மூச்சு உறைந்தது. ஆரின் பனியைக் கையுறையால் துடைத்துத் துடைத்து ஓட்டினான். தெட்ஃபோர்டில் தெற்கே திரும்பும்போது ஐம்பத்து நான்கு. அதற்குப் பிறகு நான் சாலையைப் பார்க்கவில்லை, திரையில் இறங்குகிற அந்த எண்ணையே பார்த்தேன். பின்னால் ஜூனி உதைக்கும்போதெல்லாம் இன்னும் உயிரோடு இருக்கிறாள் என்று நன்றி சொன்னேன். உதைக்காதபோது கடவுளே, கடவுளே என்று வாய்விட்டே கெஞ்சினேன். எங்களைத் தாண்டிப் போன லாரிக்காரன் ஒருவன் ஹார்ன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். போகட்டும்.

டெல்மர் போன் செய்தான். "எவ்வளவு?"

"முப்பத்தொண்ணு."

"இன்னும் கிட்ட வா. இடிச்சாலும் பரவாயில்ல. இடிடா, ஒண்ணும் சொல்லமாட்டேன்."

ஸ்டேப்பிள்டன் தாண்டியபோது இருபத்து நான்கு. ஒரு பெரிய மேட்டில் இரண்டு குறைந்தது. இறக்கத்தில் ஒன்று திரும்பி வந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஊருக்குள் நுழையும்போது ஏழு. ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது மூன்று. மணி இரண்டாக எட்டு நிமிடம் இருந்தது.

வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் டாக்டர் இரண்டு ஆட்களோடு காத்திருந்தாள். ஆரின் பின்கதவைத் திறந்தான். ஜூனி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ரப்பர் விரிப்பின் மேல், ஆவி பறக்க, இரண்டு கை கொள்ளாத அளவுக்குச் சாணி.

குதிரை வளர்க்காதவர்களுக்கு இது புரியாது. டெல்மர் "ஓ!" என்று ஊளையிட்டான். ஆரினைக் கட்டிப்பிடித்து அவன் தொப்பியில்லாத தலையில் முத்தம் கொடுத்தான். நான் அந்தச் சாணியைப் பார்த்துக் கைதட்டினேன். வயிறு விட்டுவிட்டது! அடைப்பு இல்லை, முறுக்கு இல்லை!

டாக்டர் உள்ளே ஏறி இரண்டு பக்கமும் கேட்டாள். சிரித்துக்கொண்டே காதிலிருந்து குழாயை எடுத்தாள்.

"ரெண்டு பக்கமும் குடல் ஓடுது. அருமையா ஓடுது. வழியில குலுங்கினதுலயே விட்டிருக்கும், இங்க வர்றதுல பாதி இப்படித்தான் வழியிலேயே சரியாகி வரும். ஆபரேஷன் எதுக்கு? கீழ இறக்குங்க, கால்ல ஏதோ வீக்கம் இருக்கு, அதைப் பாக்கலாம்."

நான்தான் கயிற்றைப் பிடித்துப் பின்னோக்கி இறக்கினேன். "வா கண்ணு, வா," என்றேன். பின்னங்கால்கள் இறங்கின. வலது முன்கால் இறங்கியது. இடது கால் தரையில் ஊன்றியபோது ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த மரக்கிளை முறிகிற சத்தம். முழங்காலுக்கு மேலே அந்தக் கால் மடங்கக்கூடாத திசையில் மடங்கியது.

அவள் மூன்று காலில் நின்றுகொண்டு என்னையே பார்த்தாள்.

டாக்டர் எடுத்துச் சொன்னாள். எலும்பில் முதலிலேயே விரிசல் விழுந்திருக்கிறது. டிரெய்லர் சுவரில் சாய்ந்து நின்றதால் இத்தனை மைல் தாங்கியிருக்கிறது. இவ்வளவு கனமான குதிரைக்கு அந்த இடத்தில் உடைந்தால் சேர்க்க வழியில்லை. என் தோளைத் தொட்டு, "அவ கஷ்டப்பட வேணாம்," என்றாள். எனக்குத் தெரியாதா அது? ஊசி போடும்வரை நான் அவள் தலையை என் நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தேன். அவள் மூக்கு எப்போதும் போல வெதுவெதுப்பாக இருந்தது. விழுந்த பிறகும் விடவில்லை. டாக்டர்தான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

வெளியே வந்து மூன்று பேரும் டிரெய்லரின் படியில் உட்கார்ந்தோம். காற்று இன்னும் ஓயவில்லை. டெல்மர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான்.

"நான் இன்னும் சத்தமாச் சொல்லியிருக்கணும்," என்றான் ஆரின். "நான் எப்பவும் முணுமுணுன்னுதானே பேசுவேன்."

"அந்தக் காத்துல யாருக்கு என்ன கேக்கும்?" என்றான் டெல்மர், முகத்திலிருந்து கையை எடுக்காமலேயே. "என் எஞ்சின் வேற ஓடிக்கிட்டிருந்துச்சு. அவளுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தா நிறுத்தியிருப்பா."

"ஆமா," என்றான் ஆரின். "கேட்டிருக்காது. இல்ல, வெர்ல்? வாசல்ல நான் குண்டுன்னு சொன்னது உனக்குக் கேக்கல, இல்ல?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு வருடத்தில் முதல்முறையாக இருவரும் ஒரே கட்சி. ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும், இருவரும் அதை நம்பிவிடுவார்கள், வீடு போய்ச் சேரலாம்.

"கேட்டுச்சு," என்றேன்.